ஆட்டுத்தோல் மேப்பும் தலைகீழ் வாத்தியாரும்

ஆம்பூரில் அந்தக் காலத்தில் மனிதனுக்குத் தலை சுற்றுவதற்கு இரண்டே காரணங்கள்தான். ஒன்று தோல் பதனிடும் ஷாப்பு நாற்றம். இன்னொன்று தலைகீழ் வாத்தியார். நாற்றம் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. வாத்தியார் கடைசிவரை பழகவில்லை. அவரைப்போல மனிதர்களைக் குழப்புகிற ஒருவர் இந்த ஜில்லாவில் பிறந்ததில்லை. இனிமேல் பிறந்தால் அரசாங்கம் தலையிட வேண்டும்.

ஊர்ப் பணக்காரர்கள் கமிட்டி போட்டு நடத்திய பள்ளிக்கூடம் அது. இப்போது இல்லை, அதனால் தைரியமாக எழுதுகிறேன். நான் கணக்கு வாத்தியார். அவர் பூகோளமும் சரித்திரமும். இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டி. அவர் சொல்வதெல்லாம் என் வகுப்புக்குக் கேட்கும். நான் திட்டுவதெல்லாம் அவர் வகுப்புக்குக் கேட்கும். நான் பெரும்பாலும் அவரைத்தான் திட்டிக்கொண்டிருப்பேன்.

அவருக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் வேர்க்கடலை வறுத்து விற்கும் ஒரு அம்மாள் ஒருநாள் முறத்தோடு நேராக அவர் வகுப்புக்குள் வந்துவிட்டாள்.

"இன்னா வாத்தியாரே, எம் புள்ளைக்கு இன்னா சொல்லிக் குடுக்கறே? மேப்புல வடக்கதான் தலைன்னு சொன்னியாமே. ஊட்ல பாயத் திருப்பிப் போட்டு வடக்க தலை வச்சுப் படுக்கறான். பொணந்தான்யா அப்டிப் படுக்கும்! எங்க மாமியா கத்தி ஊரக் கூட்டிட்டா!"

சரியான வாத்தியாராக இருந்தால் அந்த அம்மாளுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பார். இவர் அப்படியே நின்று யோசித்தார். பிறகு, "நீங்க கேக்கறது ரொம்ப நியாயம்மா" என்றார். சுவரில் தொங்கிய இந்தியா மேப்பைக் கழற்றி, தெற்கு மேலே வரும்படி திருப்பி மாட்டினார். அந்த அம்மாள் திருப்தியாகப் போய்விட்டாள். என் நிம்மதியும் அவளோடு போய்விட்டது.

மத்தியானம் நான் கேட்டேன். "யாருய்யா மேப்பைத் தலைகீழா மாட்டினது?"

"தலை எதுன்னு யாரு சார் முடிவு பண்ணது?"

"கவர்மெண்டு."

"கவர்மெண்டுக்கு முந்தி?"

"முந்தி ஏதுய்யா மேப்பு?"

"இருந்துச்சு சார்! அரபு நாட்டுல தெக்க மேல வச்சு வரைஞ்சான். வெள்ளைக்காரனே ஒரு காலத்துல கிழக்க மேல வச்சான். வரைஞ்சவன் எங்க ஒக்காந்திருந்தான், எந்தப் பக்கம் பாத்துக் கும்பிட்டான், யாருக்கு வரைஞ்சு குடுத்தான், அதப் பாக்காம மேப்பு பாத்தா இன்னா பிரயோஜனம்?"

எனக்குத் தலைவலி வந்தது. அந்த வருஷப் பரீட்சையில் பூகோளத் தாள்களைத் திருத்தும் வேலையைத் தலைமையாசிரியர் என் தலையில் கட்டினார். பாதிப் பையன்கள் இலங்கையை மேலே மாங்காய்க் காம்பு மாதிரி வரைந்திருந்தார்கள். சிலர் நேராக. ஒருவன் கிழக்கை மேலே வைத்து, ஓரத்தில் "இது பழைய வெள்ளைக்காரர் முறை" என்று எழுதியிருந்தான். தாளைத் திருப்பித் திருப்பி என் கழுத்து சுளுக்கிக்கொண்டது. எது சரி, எது தப்பு என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இப்போதும் புரியவில்லை. எல்லோருக்கும் பாதி மார்க் போட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் வேலையே இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஆக்டிங் வாத்தியார். இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பைப் பார்த்து, "சரி" என்றால்தான் வேலை. "சரியில்லை" என்றால் மேல்விஷாரத்தில் அவருடைய மச்சான் வைத்திருந்த தோல் மண்டிக்குத் திரும்பிப் போக வேண்டும். அங்கே அவர் ஏற்கெனவே கொஞ்ச நாள் இருந்து பார்த்தவர். தோலைத் தரம் பிரிக்கச் சொன்னால், ஒரே தோலைப் பிடித்துக்கொண்டு பொழுதெல்லாம் உட்கார்ந்திருப்பாராம். "மச்சான், இந்த நரம்பப் பாருங்க, அப்டியே பாலாறு" என்பாராம். நல்ல தோலெல்லாம் கழிசலுக்குப் போய், கழிசலெல்லாம் கப்பலுக்குப் போயிற்று. மச்சான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். "இந்த வேலையும் போச்சுன்னா நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போய்டுவேன், நீங்க எங்கனா போங்க" என்று வீட்டில் பீவி சொல்லியிருந்தாள். இதையெல்லாம் அவரே என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். துடைத்த கையோடு அடுத்த கிறுக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

அந்தக் கிறுக்கு வேலைகளில் ஒன்று பட்டாளத்து மேப்பு. கும்பினி காலத்தில் சிப்பாய்கள் நடந்துபோக வரைந்தது. எங்கிருந்தோ அதன் நகல் ஒன்றைப் பிடித்துவந்தார். அதில் ஆம்பூர் என்று ஒரு ஊரே இல்லை. ஒரு குன்று, ஒரு ஏரி, ஒரு புளியந்தோப்பு, மாடுகள் தண்ணீர் குடிக்க ஒரு குட்டை, அவ்வளவுதான்.

"நம்ம ஊரக் காணோமே சார்" என்றான் ஒரு பையன்.

"யாருக்கு வரைஞ்சது?"

"பட்டாளத்துக்கு சார்."

"பட்டாளத்துக்கு நம்ம ஊரு எதுக்கு? நெழலும் தண்ணியும் இருந்தாப் போதும். வாங்க, அந்த நெழலப் பாத்துட்டு வரலாம்."

வகுப்பு முழுவதையும் வெயிலில் அணிவகுக்க வைத்துக் கூட்டிப்போனார். மேப்பில் புளியந்தோப்பு இருந்த இடத்தில் இப்போது ஒரு தோல் ஷாப்பு. குட்டை இருந்த இடத்தில் தோல் ஊறும் ஆவாரம்பட்டைத் தொட்டி. மேப்பையே பார்த்துக்கொண்டு நடந்த ஒருவன் நேராக அதற்குள் விழுந்தான். இடுப்பளவுதான். தூக்கிவிட்டார்கள். மஞ்சளும் பழுப்புமாக, கல்யாண மாப்பிள்ளைக்கு நலங்கு வைத்தது போல வந்து நின்றான். அங்கே வேலை செய்துகொண்டிருந்தவரே அவனுடைய அப்பா. அவர் மகனை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாத்தியாரிடம் சொன்னார்:

"இன்னா வாத்தியாரே, அவசரப்பட்டு எடுத்துட்டீங்க. நல்லா ஊறியிருந்தா இவன் முதுகு பதமாயிருக்கும். கணக்கு வாத்தியார் அடிச்சாலும் ஒறைக்காது."

கணக்கு வாத்தியார் நான்தான்.

அதற்குப் பிறகு "யாருக்கு வரைஞ்சது?" என்ற கேள்வி தொத்து வியாதி மாதிரி பரவியது. தட்டிக்கு இந்தப் பக்கம் நான், "ஒரு தொட்டியை இரண்டு குழாய்கள் நிரப்புகின்றன" என்று ஆரம்பித்தால், "யாரு ஊட்டுத் தொட்டி சார்?" என்பான் ஒருவன். "பாலாத்துலயே தண்ணி இல்ல, கொழாய்ல எப்டி சார் வருது?" என்பான் இன்னொருவன். பிரம்பை ஓங்கினால் தட்டிக்கு அப்பாலிருந்து, "நியாயமான கேள்விதானே சார்" என்று குரல் வரும். அந்தத் தட்டியைப் பிய்த்து அவர் தலையில் போட வேண்டும் என்று பலநாள் நினைத்திருக்கிறேன்.

அப்புறம் வந்தது ஆட்டுத்தோல்.

அவருடைய நன்னா, அதாவது தாயைப் பெற்ற தகப்பனார், ஒரு தோல் வியாபாரியிடம் கணக்கெழுதும் முன்ஷியாக இருந்தவர். எந்த ஊரிலிருந்து என்ன சரக்கு வருகிறது என்று முதலாளி தெரிந்துகொள்ள, பதனிட்ட வெள்ளாட்டுத் தோல் ஒன்றிலேயே மேப்பு வரைந்து கொடுத்தாராம். அந்தத் தோலை வாத்தியார் பெட்டியிலிருந்து எடுத்து, பாடம் நடத்தச் சுவரில் மாட்டினார். சைவரான எங்கள் தலைமையாசிரியர் அன்றிலிருந்து அந்த வகுப்புக்குள் நுழைவதை நிறுத்தினார். வாசலில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டே மேற்பார்வை பார்த்தார்.

நான் போய்ப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. கழுத்துப் பக்கம் மெட்ராஸ். முதுகெலும்பின் மேல் ஆம்பூர், வாணியம்பாடி. முன்னங்காலில் கடப்பை, பின்னங்காலில் சேலம். வால் இருந்த இடத்தில் மைசூர்.

"இது எந்த ஊரு நியாயம்யா? சேலம் எப்படி ஆட்டுக் காலுக்குப் போச்சு?"

"முதுகுத் தோல்தான் சார் உசத்தி. வயித்துத் தோல் மட்டம். நல்ல சரக்கு வர்ற ஊர முதுகுல வச்சாரு, மட்டமான சரக்கு வர்ற ஊர வயித்துல வச்சாரு. தோல் வியாபாரிக்குப் பாத்த ஒடனே தெரியும்."

"சரி, அளவு? ஒரு சாண் எத்தனை மைல்?"

"மைல் இல்ல சார். பொழுது. சரக்கு நம்ம ஊருக்கு வந்து சேர்ற பொழுது."

"அப்போ ஒடுகத்தூர் ஏன் வயித்து ஓரத்துல, மெட்ராஸைவிடத் தூரத்துல கிடக்கு?"

"மெட்ராஸ் ரயில்ல. ஒடுகத்தூர் மாட்டுவண்டில."

நான் தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தேன். மழை பெய்தால் அந்தத் தோல் நெகிழ்ந்து நீளும். அப்போது பையன்கள், "சார், இன்னைக்கு மெட்ராஸ் எட்டப் போயிடுச்சு" என்று கூச்சல் போடுவார்கள். வெயில் அடித்தால் முறுக்கிக்கொள்ளும். அதையும் அவர் பாடமாக நடத்துவார். "மழைல நம்ம ஊரு ரோடு இன்னா ஆவுது? அதுவும் மாறுதுல்ல?" என்பார். என்ன சொல்லித் திட்டுவது?

இன்ஸ்பெக்டர் வரும் நாள் தெரிந்தது. தலைமையாசிரியர் வாசலில் நின்றபடியே கட்டளை போட்டார். "கவர்மெண்ட் மேப்பை நேராக மாட்டும். அந்தச் செத்த பிராணியை எடுத்து உள்ளே வையும். இல்லாவிட்டால் உம்முடைய வேலைக்கு நான் பொறுப்பில்லை." வாத்தியார் தலையை ஆட்டினார். நானும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஒரே ஒரு நாள்யா. ஒரு நாள் மட்டும் மத்தவங்க மாதிரி இரும். அப்புறம் ஆட்டுத்தோலைப் போர்த்திக்கிட்டு வேணும்னாலும் வாரும்." அதற்கும் தலையை ஆட்டினார்.

உண்மையிலேயே கவர்மெண்ட் மேப்பை நேராக மாட்டினார். தோலைச் சுருட்டி, மணியடிக்கும் மாணிக்கத்திடம் கொடுத்து, "பத்திரமா வை" என்றார். கெட்டது அங்கேதான்.

மாணிக்கம் பள்ளிக்கூடத்துக்கு வருமுன் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவன். தோலைப் பத்திரமாக வை என்று அவனிடம் சொன்னால் அவன் என்ன செய்வான்? விரித்துப் பார்த்தான். காய்ந்து முறுக்கிக் கிடந்தது. மனசு கேட்கவில்லை. தண்ணீர் தெளித்து, எண்ணெய் தடவி, நாலு பக்கமும் இழுத்துப் பிடித்து, ஆணி அடிக்க வாகான பலகையைத் தேடியிருக்கிறான். பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே பெரிய பலகை, பூகோள வகுப்புக் கரும்பலகை.

மறுநாள் காலையில் வாத்தியார் வகுப்புக்குள் நுழைந்ததும் அலறினார். நான் ஓடினேன், மாணிக்கமும் ஓடிவந்தான். கரும்பலகை முழுவதும் ஆடு. எண்ணெயில் பளபளவென்று, நாலு காலையும் பரப்பிக்கொண்டு கிடந்தது.

"இன்னா மாணிக்கம் இது!"

"உங்க வேல நெலைக்கணுமேன்னுதான் சாய்பு. பெரிய ஆபீசர் வர்றாரு, சுருங்கிப்போன தோலக் காட்டினா நமக்குத்தான் கேவலம். பாருங்க, ஒரு சுருக்கம் கெடயாது!" மாணிக்கத்தின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"ஒடுகத்தூரு எங்கய்யா போச்சு?"

"வயித்துத் தோலு சாய்பு, இழுத்தா இழுத்த பக்கம் வரும். கழுத்துதான் அசையல."

மெட்ராஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒடுகத்தூர் பலகையின் ஓரத்துக்குப் போய்விட்டது. ஆணிகளைப் பிடுங்கலாம் என்று நான் கை வைத்தேன். அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம்.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். இறங்கினார் என்று சொல்வது மரியாதைக்காக. இரண்டு பேர் அவரைப் பிடித்து இறக்கினார்கள். முந்தின நாள் ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு, மாட்டுவண்டியிலேயே வந்திருக்கிறார். தலைப்பாகை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, மனிதர் இன்னொரு பக்கம் சாய்ந்திருந்தார். ஒரு கை இடுப்பைவிட்டு நகரவில்லை.

என் வகுப்பை அவர் எட்டிப் பார்த்துவிட்டு நேராகப் பூகோள வகுப்புக்குப் போனார். நான் பையன்களுக்கு ஏதோ பெருக்கல் கொடுத்துவிட்டுத் தட்டியின் ஓட்டையில் கண்ணை வைத்தேன்.

முதலில் கவர்மெண்ட் மேப்பைக் காட்டி, "உங்கள் ஊர் எங்கே?" என்று ஒரு பையனைக் கேட்டார்.

"அதுல இல்ல சார்."

"ஏன் இல்லை?"

"வரைஞ்சவருக்கு நம்ம ஊரு தேவப்படல சார்."

தலைமையாசிரியருக்கு இருமல் வந்தது. இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பி, கரும்பலகையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அது என்ன?"

"மேப்பு சார்" என்று வகுப்பே கத்தியது.

"அதில் மெட்ராஸ் எங்கே?" ஒருவன் ஓடிப்போய்க் கழுத்தைத் தொட்டான்.

"ஒடுகத்தூர்?" ஒருவன் பெஞ்சின் மேல் ஏறி, எட்டி, பலகையின் ஓரத்தைத் தொட்டான்.

"மெட்ராஸைவிட ஒடுகத்தூர் தூரமா?"

"ஆமாம் சார்."

"முட்டாளே!" என்றார் தலைமையாசிரியர். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "எப்படி?"

"ரயில் ஏறினா பொழுது சாயறதுக்குள்ள மெட்ராஸ் போய்டலாம் சார். ஒடுகத்தூருக்கு வண்டி கட்டினா, போய்ச் சேர்றப்ப இடுப்பு இருக்காது சார்."

எல்லோரும் இன்ஸ்பெக்டரின் கை இருந்த இடத்தையே பார்த்தார்கள். அவரும் கொஞ்சம் குனிந்து அதையே பார்த்துக்கொண்டார்.

"ஆனாலும் இவ்வளவு தூரமா?" என்றார், குரல் இறங்கி.

"நேத்து வரைக்கும் இவ்ளோ இல்ல சார். மாணிக்கம் அண்ணன் இழுத்துட்டாரு."

இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தேடி, மெல்ல உட்கார்ந்தார். வாத்தியாரைப் பார்த்தார்.

"வாத்தியாரே, இது சரியான மேப்பா?"

ஆமாம் என்று சொல்லுய்யா, என்று நான் தட்டிக்குப் பின்னால் பல்லைக் கடித்தேன்.

"இல்ல சார்" என்றார். "எந்த மேப்பும் எல்லாருக்கும் சரியா இருக்காது சார். இது தோல் வியாபாரிக்கு வரைஞ்சது. அவருக்கு சரி."

"எனக்கு ஒன்று வரைந்தால் எப்படி வரைவீர்?"

தலைகீழ் வாத்தியார் யோசித்தார். வேலை போகிற நேரத்தில் அந்த மனிதர் நிதானமாக நின்று யோசித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

"ஊரெல்லாம் சின்னதாப் போடுவேன் சார். வண்டிப் பாதைய மட்டும் பெருசாப் போட்டு, பள்ளம் எங்க ஜாஸ்தியோ அங்கெல்லாம் செவப்பு அடிப்பேன்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். வேறு எந்த வகுப்புக்கும் போகவில்லை. தாழ்வாரத்துக்கு வந்து, தலைமையாசிரியரிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"இந்த மனிதரை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். வேறு எந்த ஊருக்கும் அனுப்பிவிடாதீர்கள்."

வண்டியைப் பார்த்தார். "வேண்டாம், ஸ்டேஷனுக்கு நடந்தே போகிறேன்" என்றார். போய்விட்டார்.

அதன்பிறகு பள்ளிக்கூடம் பட்ட பாடு இருக்கிறதே! தலைமையாசிரியர், "இது கண்டனம். இப்படி ஒருவர் மற்ற ஊர்களைக் கெடுத்துவிடக் கூடாது என்கிறார்" என்றார். கமிட்டித் தலைவர், "இன்னா சாமி பேசறீங்க? வச்சுக்கோன்னு சொன்னா வச்சுக்கோன்னுதான் அர்த்தம்" என்றார். "அதை எந்த முகத்தோடு சொன்னார் என்று பார்க்க வேண்டாமா?" "இடுப்பு வலி முகத்தோட சொன்னாரு. அதுல இன்னா தெரியும்?" மத்தியானம் முழுக்க இதே வாதம். மாணிக்கம் மணியடிக்க மறந்துவிட்டான். கடைசியில் கமிட்டித் தலைவர், "எப்டியோ, மனுஷன் இங்கியே இருக்கட்டும்" என்று முடித்தார்.

அதை வாத்தியாரிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. பொழுது சாயும் நேரத்தில் நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். காலி வகுப்பில், கரும்பலகையிலிருந்து கழற்றிய தோலை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சார், அவர் சொன்னது எனக்கு ஒண்ணுமே புரியல. நான் பாஸா, ஃபெயிலா? ஊட்டுக்குப் போய் இன்னா சொல்றது?"

"பாஸ்யா, பாஸ்! வேலை நிரந்தரம். போய் முதல்ல சாப்பிடும்" என்று கத்தினேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை முழுக்க எண்ணெய்.

"நீங்க சாப்ட்டீங்களா சார்?"

காலையிலிருந்து என் தொண்டையில் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.